செத்த காதும் செயற்கை அடிவானமும்

முதலில் எழுத்துகள்தான் குதித்தன. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். நான் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் கடைகளின் பெயர்ப் பலகைகள் மேலும் கீழும் ஆடின. நின்றால் அவையும் நின்றன. நடந்தால் மறுபடி ஆட்டம். கண்ணாடி போடும் காலம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அன்று மாலை குளிக்கும்போது முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினேன். தரை காணாமல் போயிற்று. தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை. எது மேல், எது கீழ் என்று உடம்புக்குள் இருந்து சொல்லிக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான். தகரக் கதவோடு சேர்ந்து வெளியே விழுந்தேன்.

இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களை அந்த நாட்களில் நான் வெறுத்தேன், இப்போதும் அவர்களை எனக்குப் பெரிதாகப் பிடிப்பதில்லை. உங்களுக்கும் இதே மருந்தால் இதே காது போயிருந்தால், என்ன நடக்கும் என்பதைப் பூசி மெழுகாமல் ஒருவராவது சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று பேர். அப்பா, நான், என் மனைவி சாந்தா. அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து, மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் கிடங்குகளைப் பெருக்கும் வேலையில் சேர்ந்தவர். நான் களமசேரியில் ஐ.டி.ஐ. படித்து அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன் ஆனேன். அப்பா விளக்குமாறு பிடித்த கிடங்கில் நான் ஏணி ஏறினேன். அந்த ஏணியின்மேல் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கப் போவதில்லை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எனக்குக் காசநோய் கண்டது. மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லத் தினமும் போடும் ஊசி மருந்து) எழுதிக் கொடுத்தார்கள். ஊசி இரண்டு மாதத்துக்கு மட்டும், அப்புறம் மாத்திரை போதும் என்றார்கள். காதில் இரைச்சலோ தள்ளாட்டமோ வந்தால் உடனே வந்து சொல்லச் சொன்னார்கள்.

இரண்டு மாதம் முடிந்தது. காய்ச்சல் நின்றது, உடம்பு தேறியது. ஊசியை நிறுத்தும் நாள் வந்தபோது அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"மாத்திரை வயித்துக்குத்தாம்லே போவும். ஊசிதான் ரத்தத்துக்குப் போவும். நிறுத்தினா திரும்பி வந்துரும்," என்றார்.

எங்கள் ஆட்களுக்கு ஊசி போட்டால்தான் அது வைத்தியம். வெறும் மாத்திரை கொடுக்கிற டாக்டரை டாக்டர் என்றே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அப்பா தெருமுனைக் கம்பவுண்டரிடம் பேசி, மருந்துக் கடையில் குப்பிகளை வாங்கி, ஊசியைத் தொடர வைத்தார். சாந்தா கூடவே வந்து நின்று நான் போட்டுக்கொள்கிறேனா என்று பார்த்தாள். இருவரும் அன்பால்தான் செய்தார்கள். அன்புதான் என் காதைத் தின்றது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

குளியலறையில் விழுந்த பிறகும் யாருக்கும் பொறி தட்டவில்லை. பித்தம் என்றார்கள். அப்பா எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். சாந்தா இஞ்சியைத் தட்டித் தேனில் போட்டுக் கொடுத்தாள். கம்பவுண்டர் ஊசியின் சூடு என்று சொல்லி இளநீர் குடிக்கச் சொன்னார். அப்பா ஒரு படி மேலே போனார். "மருந்து தலைக்கு ஏறுது. அப்போ நோவு எறங்குதுன்னு அர்த்தம்," என்றார். இந்தத் தர்க்கத்தின்மேல் எனக்கு மேலும் பல ஊசிகள் ஏறின.

நடக்கவே முடியாமல் போனபின், சாந்தா என்னைப் பயணிகள் போட்டில் ஏற்றி எர்ணாகுளத்துக்கு அழைத்துப் போனாள். போட்டுக்கும் படித்துறைக்கும் நடுவே ஆடிய பலகையை நான் தவழ்ந்து கடந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைத் தேய்த்துக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த சிப்பந்தி மூக்கைச் சுளித்து, "காலத்தே தன்னே வெள்ளமடிச்சோ?" (காலையிலேயே குடித்துவிட்டாயா) என்று கேட்டான். வராந்தா பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனை அறைய ஆசை. ஆனால் சுவரிலிருந்து கையை எடுத்தால் விழுந்துவிடுவேன்.

காது டாக்டர் பாலக்காட்டுத் தமிழர், வயதானவர், பேச்சில் தேன் தடவத் தெரியாதவர். என்னைப் படுக்க வைத்து, ஒரு காதில் பனிக்கட்டி போட்ட நீரை விட்டார். அப்புறம் அடுத்த காதில். எனக்கு எதுவும் ஆகவில்லை. தலை சுற்றவில்லை, குமட்டவில்லை. பரீட்சையில் தேறிவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அவர் முகம் மாறவில்லை.

"நல்ல காதா இருந்தா இந்நேரம் ரூமே சுத்தி, நீ வாந்தி எடுத்திருக்கணும்," என்றார். "ஊசியை எப்போ நிறுத்தினே?"

"இன்னும் நிறுத்தலை சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாந்தாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்காதில் வெஸ்டிபுலர் உறுப்பு (உடம்பு சாய்வதையும் திரும்புவதையும் உணர்ந்து நிமிர்ந்து நிற்க வைக்கும் பகுதி) என்று ஒன்று இருக்கிறதாம். அந்த ஊசி அதைக் கொல்லக்கூடியது. எனக்கு இரண்டு பக்கமும் செத்துவிட்டது. காது கேட்கும், ஆனால் மட்டம் பார்க்காது. எழுத்துகள் குதிப்பதற்கு ஆடும் பார்வை (தலை அசையும்போது கண் நிலைகொள்ளாததால் காட்சியும் சேர்ந்து ஆடுவது) என்று சொன்னார்.

"திரும்ப வருமா சார்?"

"வராது."

"நான் எலக்ட்ரீஷியன். ஏணி ஏறணும்."

"ஏணியை மறந்துடு. முதல்லே தரையிலே நடக்கப் பழகு. இனிமே உனக்குக் கண்ணும் பாதமும்தான் காது. கண்ணை மூடினா நீ விழுவே, இருட்டிலே விழுவே, தண்ணிக்குள்ளே முங்கினா மேலே எதுன்னு தெரியாமச் செத்துப்போவே. குளத்துப் பக்கம் போகாதே."

நான் அழுதேன். அதைப் பார்த்தும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"முன்னே நான் விமானிகளுக்குக் காது பார்த்துண்டு இருந்தவன். மேகத்துக்குள்ளே போனா அவா காது பொய் சொல்லும். நேரா போறோம்னு தோணும், பிளேன் சாய்ஞ்சு விழுந்துண்டு இருக்கும். அதனாலே, உடம்பு சொல்றதைக் கேக்காதே, முன்னாலே இருக்கிற மீட்டரைப் பாருன்னு அவாளுக்குச் சொல்லிக் கொடுப்பா. உன் காது பொய்கூடச் சொல்லாது, செத்துப்போச்சு. நீயும் மீட்டரைப் பாரு, போ."

என்னிடம் ஏது மீட்டர் என்று மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அவர் கொடுத்த பயிற்சி, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, அதையே பார்த்தபடி தலையை இடமும் வலமும் திருப்புவது. விரல் கலங்கும், குமட்டும். வீட்டில் உட்கார்ந்து சொந்தக் கட்டைவிரலை முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயிற்சியைப் போல அலுப்பான ஒன்றை மனிதன் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. சீக்கிரமே விட்டுவிட்டேன்.

அதற்குள் கம்பெனி விழித்துக்கொண்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கிடங்குத் தொழிலாளி ஓய்வு பெற்றால் அந்த இடம் அவருடைய மகனுக்கு. ஓணம் கழிந்ததும் அப்பாவுக்கு ஓய்வு. மானேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, ஏணிக்கு வேறு ஆளைப் போடுகிறேன், உன் இடத்தை மகன் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்பா வாழைக்காய் வறுவல் பொட்டலத்தோடு சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தார்.

"தரையில நிக்குத ஜோலி. விழ மாட்ட. பென்ஷன் வரைக்கும் யாரும் உன்னை அசைக்க முடியாது," என்றார்.

"நான் வெளக்குமாறு பிடிக்க மாட்டேன்."

"அந்த வெளக்குமாறுதாம்லே உன்னை ஐ.டி.ஐ.க்கு அனுப்பிச்சு. இப்போ கேவலமாயிட்டோ?"

"அந்த ஊசியும் நீங்க போட வச்சதுதான்," என்றேன்.

வறுவல் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது. அன்றிலிருந்து வீட்டில் சோறு பரிமாறும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இந்த நேரத்தில்தான் அடுத்த வீட்டு நாசர் இக்கா (அண்ணன்) கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். வளைகுடாவில் வேலை பார்ப்பவர், விடுப்பில் வந்திருந்தார். பெட்டிக்குள் வீட்டுக் கணினி. ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சிறியது, கறுப்பு, ரப்பர் பொத்தான்கள். டிவியில் மாட்டி, கேசட் பிளேயரிலிருந்து விளையாட்டை ஏற்ற வேண்டும். எங்கள் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்கி அதன் அடாப்டர் புகைந்துவிட்டது.

"நோக்கடா மோனே (பாருடா மகனே). நடக்கலேன்னா கடலில் எறிஞ்சிடு," என்று சொல்லிவிட்டு, அந்த வாரமே விமானம் ஏறிப் போய்விட்டார்.

உட்கார்ந்து செய்கிற வேலைக்கு என் கைக்கு ஒரு குறையும் இல்லை. வேறு மின்மாற்றியைக் கோத்து, வோல்டேஜ் ஆட்டத்தைத் தாங்க ஏற்பாடு செய்து, எங்கள் பழைய கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டினேன். சரிபார்க்க ஒரு கேசட் வேண்டும். பெட்டியில் இருந்தது ஒன்றே ஒன்று. விமானம் ஓட்டுவது.

கேசட் ஏறும்போது வீடே கூசும் கீச்சொலி. "கோழியை உயிரோட உரிக்குத மாதிரி இருக்கு," என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து. ஒலி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஏறாது. கடைசியில் திரை வெளுத்து, கோடுகள் வந்தன.

விமானம் என்றால் வெறும் கோடுகள்தான். மேல்பாதியில் குறுக்கே ஒரு கோடு, அது அடிவானம். நடுவில் ஆப்பு போல ஒரு ஓடுபாதை. கீழ்பாதியில் வரிசையாக மீட்டர்கள்: வேகம், உயரம், திசை. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கிழ டாக்டர் போய்ப் பார்க்கச் சொன்ன மீட்டர் வீட்டுக்கே வந்துவிட்டது.

வேகத்தைக் கூட்டினேன். ஓடுபாதை என்னை நோக்கி வந்தது, கீழே இறங்கியது, திரையில் வானம் மட்டும். நன்றாக இருந்தது. இடது பக்கம் திருப்பினேன். அடிவானம் சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். ஸ்டூலோடு தரையில் கிடந்தேன்.

சாந்தா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "என்னாச்சு?"

"பிளேன் திரும்பிச்சு."

"பிளேன் திரும்பினா நீங்க எதுக்கு விழுதீய?"

அந்தக் கேள்விதான் எனக்குக் கிடைத்த உண்மையான மருத்துவ விளக்கம். காது உள்ளவன் அந்தக் கோடு சாய்வதைப் பார்ப்பான், ஆனால் ஸ்டூல் நேராக இருப்பது அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என் கண் சொல்வதுதான் எனக்கு மேலும் கீழும். ஒரு டிவிப் பெட்டிக்குள் ஓடும் கோடு என்னைத் தரையில் தள்ள முடியும் என்றால், ஆடாத ஒரு கோடு என்னை நிமிர்த்தி நிற்க வைக்கவும் முடியும். தரையில் கிடந்தபடியே இதை நினைத்தேன். நோய் வந்தபிறகு எனக்கு வந்த முதல் சந்தோஷம் அது.

அதற்கப்புறம் பைத்தியமாகிவிட்டேன். காலையில் கஞ்சி குடித்ததும் ஏறி உட்கார்ந்தால் மத்தியானம் வரை பறப்பேன். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்பதை ஒரு தாளில் பெரிதாக எழுதி இடப்பக்கச் சுவரில் ஒட்டியிருந்தேன். திரையைப் பார்த்து, தலையைத் திருப்பித் தாளைப் பார்த்து, மீண்டும் திரைக்கு வர வேண்டும். திரும்பும் ஒவ்வொரு முறையும் எழுத்துகள் துள்ளின. முதலில் ஒரு சொல்லைப் படிப்பதற்குள் விமானம் விழுந்துவிடும். கட்டைவிரலை வைத்துச் செய்ய மறுத்த பயிற்சியை விமானத்தைக் காப்பாற்ற ஆயிரம் முறை செய்தேன். மெல்ல எழுத்துகளின் துள்ளல் குறைந்தது. பொத்தான்கள் மனப்பாடமான பிறகும் தாளைக் கிழிக்கவில்லை. வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தேன்.

விழுந்தால் அந்த இயந்திரம் நீ விழுந்துவிட்டாய் என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாராகும். ஐயோ பாவம் என்று சொல்லாது. வயசுப் பையனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று உச்சுக்கொட்டாது. எலுமிச்சம்பழம் நீட்டாது. ஊரிலேயே என்மேல் இரக்கப்படாத ஒரே உருப்படி அதுதான், அதனாலேயே அதைக் காதலித்தேன்.

இன்பத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் அதை மருந்து போல விளையாடினேன் என்று ஆகிவிடும். உயரே ஏறி, கோட்டை மட்டமாக நிறுத்தி, கைகளை எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். கீழே கோடுகளால் வரைந்த ஒரு ஏரி மெதுவாகப் பின்னால் போகும். அங்கே நான் தள்ளாடவில்லை. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வெளியே குடிகாரன் என்று பெயர் வாங்கியவன், உள்ளே ஒரு விமானத்தை இம்மி பிசகாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்குள்ள பறந்துக்கிட்டே இருங்க. அரிசியும் தானே பறந்து வரும்," என்பாள் சாந்தா. சினிமா போடும் மாலையில் டிவியை விட்டுத் தரவில்லை என்று அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இறங்குவதுதான் கஷ்டம். ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் குறைந்து விழும். வேகத்தையே பார்த்தால் உயரம் போய்விடும். நீண்ட நாள் கழித்துத்தான் பிடி கிடைத்தது. எதையும் ஒரு கணத்துக்கு மேல் பார்க்கக் கூடாது. கோடு, வேகம், கோடு, உயரம், மறுபடி கோடு. கண் எங்கே போனாலும் கோட்டுக்குத் திரும்பி வர வேண்டும். முதன்முறை விமானம் உடையாமல் நின்றபோது நான் கத்திய கத்தலில் சாந்தா கரண்டியோடு ஓடி வந்தாள்.

இதையே நடையில் முயன்றேன். அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, படித்துறைப் பக்கம் நடந்தோம். எதிரே ஒரு கூரை விளிம்பு, பிறகு பாதம், மீண்டும் கூரை விளிம்பு. பகலில் தெளிந்த வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வசப்பட்டது. ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது அவள் என் சட்டையைப் பிடிக்காமல் சும்மா கூட நடந்துகொண்டிருந்தாள். எவ்வளவு தூரமாக என்று அவள் சொல்லவில்லை.

ஓணத்துக்கு முன் மானேஜரைப் போய்ப் பார்த்தேன். ஏணி வேலையைத் திரும்பக் கேட்டேன். அவர் மலையாளத்தில், நிதானமாக, சுற்றிலும் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "எடோ, மிளகுக் கிடங்கில் நடு விளக்கு போயிருக்கிறது. மாற்றிக் காட்டு. முடியாவிட்டால் உன் அப்பனின் விளக்குமாறு வாசலிலேயே சாத்தியிருக்கிறது."

அந்தக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. மூட்டைகள் அடுக்கினால் கதவு வழியாக வரும் வெளிச்சமும் நின்றுவிடும். அங்கிருந்த ஒரே வெளிச்சம், நான் மாற்ற வேண்டிய அந்த பல்புதான். என் நோயைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மனிதரை நான் அளவில்லாமல் வெறுத்தேன், அந்த வெறுப்பு எனக்கு நன்றாகவே உதவியது.

வயரிங் வேலையில் நூல் அடிப்பது என்று உண்டு. சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அதன்மேல்தான் வயர் போகும் கட்டைகளை அடிப்போம். சாந்தாவையும் இரண்டு டார்ச் லைட்டுகளையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். ரசமட்டம் (மட்டம் பார்க்கும் குமிழிக் கருவி) வைத்துப் பார்த்து, ஏணிக்குப் பின்னால் இருந்த கறுத்த சுவரில், தரையிலிருந்து என் கை எட்டும்வரை, அடிவானம் போலக் குறுக்கே வரிசையாக வெள்ளைக் கோடுகள் அடித்தேன். என் கை எட்டாத உயரத்தில், உடன் வேலை பார்க்கும் ஒருவர் ஏறி, நூலின் ஒரு முனையை ஆணியில் கட்டி எனக்காக அடித்தார். டார்ச்சுகளை மூட்டைகளின்மேல் வைத்துக் கோடுகளில் வெளிச்சம் விழச் செய்தேன்.

"எந்தாடோ இது (என்னய்யா இது)? கல்யாணப் பந்தலா?" என்றார் மானேஜர்.

"பல்பு எரிஞ்சா போதும்ல சார்?" என்றேன்.

வாசலில் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏணியைப் பிடிக்க வரவில்லை. சாந்தா பிடித்தாள்.

ஏறினேன். இருட்டில் சுற்றிலும் ஒன்றும் இல்லை, எதிரே வெள்ளைக் கோடு மட்டும். கோடு, கை, கோடு, கால், மறுபடி கோடு. நடுவில் ஒரு படியில் உடம்பு, எல்லாம் சரியாக இருக்கிறது, இனிப் பார்க்காமலே ஏறலாம் என்றது. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்ல அந்த உடம்புக்குள் இப்போது யாரும் இல்லையே. கோட்டைப் பார்த்தேன். நான் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தேன். இடுப்பை இழுத்து நேராக்கினேன்.

பல்பு எரிந்தது. கீழே யாரோ கை தட்டினார்கள். நான் கீழே பார்க்கவில்லை. இறங்கி முடித்துத் தரையைத் தொட்ட பிறகுதான் கோட்டிலிருந்து கண்ணை எடுத்தேன்.

நீங்கள் இதைச் செய்யாதீர்கள். டாக்டர் ஏணியை மறக்கச் சொன்னது சரிதான். அடுத்த முறை போனபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை முட்டாள் என்று திட்டினார், அப்புறம் கோடுகளை எந்த உயரத்தில் அடித்தேன் என்று கேட்டு அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வேலை திரும்பக் கிடைத்தது. மானேஜர் வாழ்த்தவில்லை, நானும் நன்றி சொல்லவில்லை. கிடங்குகள் எல்லாவற்றிலும் என் கோடுகள் விழுந்தன. அவை எதற்கு என்று தெரியாத புதிய ஆட்கள், மூட்டை அடுக்கும் அளவுக்காகப் போட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நாசர் இக்கா அடுத்த விடுப்பில் வந்து கணினியைக் கேட்டபோது தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி, வச்சுக்கோ," என்றார். இப்போதும் அதில் பறக்கிறேன். அந்த ஏரி எனக்குப் பழகிய இடம்.

அப்பாவின் இடம் வேறொருவருக்குப் போயிற்று. அதை அவர் மன்னிக்கவில்லை. தலைமுறைக்கும் நிற்கும் ஒரு வேலையை நான் காலால் உதைத்தேன் என்பது அவர் கணக்கு. என் காதைக் கொன்றார் என்பது என் கணக்கு. இரண்டையும் யாரும் கழித்துப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் சாந்தாவிடம் சொல்லுவார், அவள் அரையடி தள்ளி இருக்கும் என்னிடம் சொல்லுவாள்.

நிமிர்ந்து நிற்பது மற்றவர்களுக்குத் தானாக நடக்கிறது. எனக்கு அது நாள் முழுக்க நான் செய்கிற வேலை. திரும்புவதற்கு முன் திரும்பப் போகிறேன் என்று முடிவு செய்கிறேன். மாலைக்குள் களைத்துவிடுகிறேன். வேகமாக எதையும் செய்வதில்லை, யார் அவசரப்படுத்தினாலும் எரிந்து விழுகிறேன். இது குணமாகுதல் என்றால், ஆம், நான் குணமாகிவிட்டேன்.

ஒரு மாலை முன்னறைக்கு வந்துகொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. பழகிய வழக்கப்படி, தடவாமல் தயங்காமல் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் முட்டி சொடுக்குகிற சத்தம் கேட்டது. அப்பாவும் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மாமா கீழ இருக்கிய?" என்று இருட்டிலிருந்து சாந்தா கேட்டாள்.

"இருட்டுல அவன் எம்மேல வந்து விழுந்தா, எலும்பு ஒடியுதது எனக்குல்லா? எல்லாரும் தரையில இருந்தா யாரும் யாரு மேலயும் விழ வேண்டாம்," என்றார். "நீயும் இரி."

அவளும் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பழக்கம். கரண்ட் போனால் யாரும் தீப்பெட்டி தேடுவதில்லை. மூன்று பேரும் நின்ற இடத்தில் உட்கார்ந்துவிடுகிறோம். அந்த இருட்டில் எனக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. உள்ளங்கைக்குக் கீழே தரை இருக்கிறது. ஒரு பக்கம் அப்பா இருமுகிறார், மறுபக்கம் சாந்தாவின் வளையல் ஒலிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கிறேன் என்று தெரிகிறது. கரண்ட் வர எவ்வளவு நேரமானாலும் எனக்கு அவசரமில்லை.